உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 5, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் டைரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தாறு வருஷமாக ஸ்டாக் ரிஜிஸ்தர் எழுதுகிறவன் நான். அதற்கு மேல் எழுத என் கைக்கு ஆசை கிடையாது. "குற்றாலிங்கம், தினம் எத்தனை படி ஏறுறீங்க, எங்க நிக்கிறீங்க, நெஞ்சு அடைக்குதா, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிட்டு வாங்க" என்றார். ஆசிட் சப்ளை செய்கிறவன் ஜனவரியில் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது.

வீடு மாடியில். படி 22. இன்று நிற்கவில்லை.

நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். "கையெழுத்துப் போட வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். "தங்கச்சி இருக்கா" என்றேன். "அடுத்த தடவை அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தங்கச்சி உலகம்மாள். வீட்டில் உலகு. வயது நாற்பத்து மூன்று, டவுன் சிண்ட்ரோம். பேசுவாள், ஆனால் புதியவர்களுக்குப் பாதிதான் புரியும். பேனாவைக் கொடுத்தால் ஒரு வட்டம் போடுவாள், அது திருத்தமான வட்டமாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் நெஞ்சைப் பிளப்பார்?

சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தேன். கறிவேப்பிலையை உருவி, பெரிய இலை சிறிய இலை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறாள்.

ஜூன் 6

படி 22. நிற்கவில்லை.

சரி, ஒருமுறை நின்றேன். பத்தாவது படியில். செருப்பு வாரைச் சரிசெய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, வெள்ளி

சித்தப்பா மகன் கணபதியிடம் மட்டும்தான் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணே, கோவிக்காத. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உலகக்காவுக்கு யாரு? ஒரு ஹோம்ல சேக்கணும்னாக்கூட யாராவது கையெழுத்துப் போடணும்லா?"

கோபம்தான் வந்தது. ஆனால் அவன் ஆட்டோவிலேயே கலெக்டர் ஆபீசுக்குப் போனேன்.

மாற்றுத்திறனாளிகள் பிரிவில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பதினெட்டு வயது தாண்டிவிட்டால், அண்ணன் என்பதால் மட்டும் உலகுக்காக நான் சட்டப்படி எதையும் முடிவு செய்ய முடியாதாம். பாதுகாவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும். மனுப் போட்டால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், பிறகு கலெக்டர் தலைமையில் ஒரு குழு விசாரித்து உத்தரவு போடும். நல்லது, ஃபாரத்தைக் கொடுங்கள் என்றேன்.

"சார், ஒரு விஷயம். பொம்பளையாளுக்கு ஆம்பளை மட்டும் தனியா கார்டியனா இருக்க முடியாது. உங்க மனைவிதான் முதல் ஆளு. நீங்க கூட இணைஞ்சிக்கலாம்."

"மனைவி ஊருக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

போய் ஒன்பது வருஷம் ஆகிறது என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு நான் நாற்பத்து மூன்று வருஷமாக அண்ணன். அம்மா போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தலை வாரிவிடுவதும் நான்தான். சட்டம் என்னடாவென்றால் என்னைப் பின்னால் போய் நில் என்கிறது.

மனைவி செண்பகவல்லி போன காரணத்தை எழுதிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருநாள் உலகுவை ஜீரகம் வாங்கத் தனியாகக் கடைக்கு அனுப்பினாள். பழக்கிவிட்டேன், போய்விட்டு வந்துவிடுவாள் என்றாள். மூன்று மணி நேரம் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், குளத்தங்கரை என்று நாய் மாதிரி அலைந்தேன். கோபத்தில் செண்பகத்தின் மேல் கை ஓங்கினேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்காக ஒருத்தி ஒன்பது வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருப்பாளா?

அன்று முதல் வெளியே போனால் பூட்டிவிட்டுத்தான் போகிறேன். லேபில் ஆசிட் அலமாரியைப் பூட்டாமல் போவேனா?

ஜூன் 14

மழைச் சாரல். படி 22. இரண்டு முறை நின்றேன். பருப்பு தீய்ந்துவிட்டது.

ஜூன் 18, ஞாயிறு

உலகுவைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூர் போனேன். செண்பகம் அங்கே அங்கன்வாடி டீச்சர். அவள் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் தனியாக இருக்கிறாள். பஸ்ஸில் போகும்போதே சட்டைப்பையில் இருந்த ஃபாரத்தை நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தெருமுனையில் செண்பகத்தைப் பார்த்ததும் உலகு என் கையை உதறிவிட்டு ஓடினாள். "அண்ணி, அண்ணி" என்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் ஒருத்தன் பஸ் ஸ்டாப்பில் விட்ட மூட்டை மாதிரி நின்றேன்.

"எதுக்கு வந்திய?"

ஃபாரத்தைக் கொடுத்தேன். அடி முதல் நுனி வரை படித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நான்தான் முதல் ஆளுன்னு இருக்கு."

"சும்மா பேருக்குத்தான்."

"பேருக்குன்னா வேற பொண்டாட்டியப் பாருங்க."

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"நான் கையெழுத்துப் போட்டா, அவ விஷயத்துல என் சொல்லு நிக்கணும். அதுக்குச் சம்மதமா?" என்றவள் அடுத்துக் கேட்டாள்: "இன்னும் பூட்டுதியளா?"

"பூட்டாட்டி அன்னைக்கு மாதிரி காணாமப் போவா."

"அன்னைக்கு அவ காணாமப் போகலை. கடை அடைச்சிருந்துச்சு. தொறக்கட்டும்னு கடை வாசப்படியில உக்காந்திருந்தா, காசைக் கையில இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு. நீங்க ஊரெல்லாம் தேடுனிய. நான் எந்தக் கடைக்கு அனுப்புனேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

நான் கேட்கவில்லைதான். பயத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஏன் இப்போது இந்த அவசரம் என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வயசாகுதுல்லா" என்றேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை. பரிதாபப்பட்டு வரும் கையெழுத்து எனக்கு வேண்டாம்.

ஜூன் 28, புதன்

மானம் போயிற்று.

குழுவிலிருந்து பார்க்க வருவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கு மேல் என்றால் இருப்பேன் என்றேன். "முடிஞ்சா அப்படியே வர்றோம் சார்" என்றார்கள். அதை நான் நாலு மணி என்றே எடுத்துக்கொண்டேன். ஜெசிந்தா என்ற உறுப்பினர், அவருக்கும் இப்படி ஒரு மகன் இருக்கிறானாம், இரண்டு மணிக்கே வந்துவிட்டார்.

கதவில் பூட்டு. படியை ஒட்டி ஒரு கம்பி ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக உலகு அவரைப் பார்த்திருக்கிறாள். "அண்ணன் இல்ல. பூட்டு" என்றிருக்கிறாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டியிருக்கிறாள். சுடுவெயிலில் படியேறி வந்த அந்த அம்மா குடித்திருக்கிறார். இன்னும் வேணுமா என்று கேட்டு இன்னொரு டம்ளரும் கொடுத்தாளாம்.

நான் வந்தபோது அந்த அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு உள்ளே உலகு. இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் இப்படித்தானா சார்?"

"இன்னைக்கு மட்டும்தான்மா" என்றேன். கீழ்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டே, "நாங்க குடிவந்த நாள்லேருந்து பாக்கோம்மா, சார் பூட்டாமப் போனதே கிடையாது, அவ்வளவு பொறுப்பு" என்றாள். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

ஜெசிந்தா அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுக்களையில் டப்பா மூடிகளைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மூடியிலும் உள்ளே இருக்கும் சாமானில் ஒரு சிட்டிகை டேப் போட்டு ஒட்டியிருக்கும். கடுகு மூடியில் கடுகு, ஜீரக மூடியில் ஜீரகம். உலகுக்கு எழுத்துத் தெரியாது என்று செண்பகம் செய்த ஏற்பாடு. "யாரு ஒட்டினது?" என்றார். "என் மனைவி" என்றேன். இன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"தீப்பிடிச்சா இவங்க எப்படி சார் வெளிய வருவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். லேபில் நெருப்பு வந்தால் என்ன செய்வது என்று சுவரில் நானே ஒட்டிய காகிதம் இருக்கிறது. அதில் முதல் வரி, கதவைத் திற.

ஜூன் 29

படி 22. மூன்று முறை.

ஜூலை 2, ஞாயிறு

சந்தையிலிருந்து வந்து படியேறிக்கொண்டிருந்தேன். எட்டில் நின்றேன், பதினாலில் நின்றேன், பதினெட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பின்னால் சத்தம் கேட்டது. செண்பகம்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"நடிக்காதிய. கீழேருந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன்."

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அழுவாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். ஜெசிந்தா அம்மா அவளுக்குப் போன் செய்தாராம், முதல் ஆள் என்பதால். பூட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

"நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"எடுத்துருதேன்னு சொல்லு."

"சும்மா சொல்லுததுக்கா, நெசமா எடுக்குததுக்கா?"

பூட்டையும் சாவியையும் கேட்டு வாங்கி உலகுவின் கையில் கொடுத்தாள். உலகு அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பிறகு யோசித்து, டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மூடியில் எதை ஒட்டுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. துருப்பிடித்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

பாடம். செண்பகம் உள்ளே, நான் வெளியே. நான் தட்ட வேண்டும், உலகு தாழ்ப்பாளை எடுக்காமல் "யாரு?" என்று கேட்க வேண்டும். தட்டினேன். பட்டென்று திறந்தாள். பத்துத் தடவை தட்டினேன், பத்துத் தடவையும் பட்டென்று திறந்து சிரித்தாள். "இவளா தனியா இருக்கப் போறா?" என்றேன். செண்பகம் என்னைக் கீழே போய் நிற்கச் சொன்னாள்.

ஜூலை 13, வியாழன்

போன வாரம் முழுக்க லீவு போட்டு வீட்டில் இருந்தேன்; பூட்டாமல் வேலைக்குப் போகிற நான்காவது நாள் இது. இன்று டைட்ரேஷன் வகுப்பில் ஒரு கண்ணாடி ப்யூரெட்டை உடைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறை. மதியம் தாங்க முடியாமல் வீட்டுக்கு ஓடினேன். தட்டினேன்.

"யாரு?"

"போஸ்ட்மேன்."

ஜன்னலில் முகம் வந்து போனது. பிறகு திறந்தாள். "அண்ணே பொய்" என்றாள். ஏன் வந்தாய் என்று கேட்டாள். ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போனேன்.

ஜூலை 16

பாடத்தில் புதிய பகுதி, நான் ஆஸ்பத்திரியில் இருக்கப்போகும் நாட்களுக்காக. செண்பகம் சொன்னது: "நான் வெளிய போறப்ப தாழ் போடணும். யாரு வந்தாலும் யாருன்னு கேளு. நான் வந்தா மட்டும் தொற." உலகு திருப்பிச் சொன்னாள், விரலை மடக்கி மடக்கி. இதெல்லாம் அதிகம் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது.

ஜூலை 22

விசாரணை 26ஆம் தேதி. ஆபரேஷன் ஆகஸ்ட் 8. குழு முடியாது என்று சொல்லிவிட்டால்? ஆபரேஷனில் நான் எழுந்திருக்காவிட்டால்? லேபில் நிற்கிறேன், என்ன எடுக்க வந்தேன் என்று மறந்து போகிறது.

டாக்டரிடம் இந்த டைரியை அப்படியே காட்ட முடியாது என்பதால் படிக்கணக்கை மட்டும் ஒரு காகிதத்தில் தனியாக எழுதினேன். அப்போது ஜூன் 10 கண்ணில் பட்டது. கை ஓங்கினேன் என்று எழுதியிருக்கிறேன். ஓங்கியதோடு நிற்கவில்லை. அடித்தேன். உலகு ஜீரகப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றபோது அடித்தேன். தேடிக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவளே கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பொட்டலத்தை நீட்டினாள், யாரும் வாங்கவில்லை.

எழுதிவிட்டேன்.

ஜூலை 26, புதன்

காலையிலேயே மூன்று பேரும் கணபதியின் ஆட்டோவில் போனோம். உலகு ரோஜாப்பூ வைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

கலெக்டர் சின்ன வயதுதான். ஜெசிந்தா அம்மாவின் அறிக்கை அவர் முன்னால் இருந்தது. "வெளியே பூட்டிட்டுப் போறதா எழுதியிருக்காங்க. உண்மையா?" என்று என்னைக் கேட்டார். பாதுகாப்புக்காக, எப்போதாவது, அக்கம்பக்கம் சரியில்லை என்று மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.

"ஒன்பது வருஷம் பூட்டினேன் சார். இப்ப இல்லை" என்றேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

கலெக்டர் உலகுவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு யார்கூட இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டார். அவளை யாரும் வாங்க போங்க என்று பேசி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது, பின்னால் திரும்பி யாரைச் சொல்கிறார் என்று பார்த்தாள்.

"உங்களைத்தான்மா" என்றார் ஜெசிந்தா அம்மா.

"அண்ணி வேணும்" என்றாள். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேஜையைப் பார்த்தேன். உலகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், கறிவேப்பிலையைப் பார்க்கிற மாதிரி, பெரிய இலையா சிறிய இலையா என்று.

"அண்ணனும் இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

செண்பகவல்லி முதல் பாதுகாவலர், நான் இணைப் பாதுகாவலர் என்று உத்தரவு. ஆறு மாதத்தில் மறுபடியும் வந்து பார்ப்பார்களாம். சொல்லாமல்தான் வருவார்களாம்.

ஆகஸ்ட் 7

நாளை. ஆஸ்பத்திரிப் படிவத்திலும் செண்பகம்தான் கையெழுத்துப் போட்டாள். அங்கன்வாடி வேலையை விட மாட்டேன், காலையில் இங்கிருந்து பஸ்ஸில் போய்விட்டு மூன்றரைக்குத் திரும்பிவிடுவேன் என்கிறாள். என்னோடு ஆஸ்பத்திரியில் கணபதி. ஆபரேஷன் முடிந்தும் அவள் இந்த வீட்டில் இருப்பாளா என்று கேட்க வாய் வரவில்லை. நான் கேட்டு அவள் பதில் சொல்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. பையைக் கட்டும்போது, "அன்னைக்கு அடிச்சது தப்பு செண்பகம்" என்றேன். "தெரியும். போயிட்டு வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 14

இருக்கிறேன். படி 0. இங்கே லிஃப்ட்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். காலையில் பார்த்துவிட்டு இன்றே போகலாம் என்றார்கள். செண்பகத்துக்குச் சொல்லாதே, நேரே போய் நிற்போம் என்று கணபதியைத் தடுத்துவிட்டேன். அவன் என்னைப் படியருகே இறக்கி, "மெதுவா ஏறு, மருந்து வாங்கிட்டு வாரேன்" என்று போனான்.

படி 22. ஒவ்வொன்றாக ஏறினேன். டாக்டர் சொன்னபடி ஐந்துக்கு ஒருமுறை நின்றேன். மூச்சு வாங்கி நிற்கவில்லை, சொன்னதற்காக நின்றேன். மணி இரண்டு.

தட்டினேன்.

"யாரு?"

"அண்ணன்."

"அண்ணன் ஆஸ்பத்திரி" என்றாள்.

"வந்துட்டேன்ட்டி உலகு. நான்தான். தொற."

ஜன்னலில் முகம் தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பத்து நாள் தாடி, நெஞ்சில் கட்டு, கையில் பிளாஸ்டிக் பை. நான்தான் என்று தெரிந்துகொண்டாள், முகம் முழுக்கச் சிரித்தாள். தாழ்ப்பாள் பக்கம் போகவில்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்:

"அண்ணி வந்தா மட்டும்."

"ஏட்டி, இது என் வீடு."

"அண்ணி மூணரை" என்றாள்.

கத்தியிருக்கலாம். பழைய ஆளாக இருந்தால் கதவை உதைத்திருப்பேன். கடைசிப் படியில், ஜெசிந்தா அம்மா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அவளுக்கு அது ஒன்பது வருஷம்.

பையில் இந்த டைரி இருந்தது. எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கணபதி வந்து, "கதவை நான் தட்டட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். அவனுக்குச் சவாரி இருக்கிறது, போய்விட்டான்.

இப்போது ஜன்னலில் சத்தம். கம்பி வழியாக ஒரு கை வருகிறது, டம்ளரோடு. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னும் வேணுமா?" என்று கேட்கிறாள்.

வேணும் என்றேன்.